ஐம்பத்தோராவது டக்

கல்லூரியில் நான் அவிழ்த்துவிட்ட கதைகளைக் கேட்டவர்கள் இதையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். சேர்த்துக்கொள்ளட்டும். ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது.

பேய்க் கதை என்றால் நள்ளிரவு வேண்டும், மின்சாரம் போக வேண்டும், எங்கோ ஒரு நாய் ஊளையிட வேண்டும். மன்னிக்கவும். என் கதை தொடங்கும்போது மணி காலை எட்டு. மின்சாரம் இருந்தது. நாய் ஒன்று உண்டு, ஆனால் அது மதியம் தூங்கிவிடும். இருக்கிற வசதியை வைத்துப் பயந்துகொள்ளுங்கள்.

எனக்கு வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில் வேலை. ரேடார் பார்க்கும் மழையை, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்ற கணக்காக மாற்றித் தர வேண்டும். ரேடார் மழையை அளக்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது அளப்பதில்லை. ஓர் அலையை அனுப்பும். அது துளிகளில் பட்டு எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கும். "இவ்வளவு பெய்திருக்கும்" என்று ஒரே போடாகப் போட்டுவிடும். குத்துமதிப்பு. பரீட்சைகளில் நானும் அதைத்தான் செய்தேன். எனக்குப் பட்டம் கொடுத்தார்கள், அதற்குக் கூண்டு கட்டிக் கோபுரத்தின் மேல் வைத்தார்கள்.

அந்தக் குத்துமதிப்பைத் திருத்தத் தரையில் ஏழு மழைமானிகள். பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. மேலே ஒரு புனல். உள்ளே இரண்டு குட்டிக் கிண்ணங்கள், குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகையின் இரண்டு முனைகள் மாதிரி. ஒன்று நிறைந்ததும் கவிழும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்வும் ரேடியோ வழியாக அந்த நொடியே அலுவலகத்துக்கு வந்துவிடும். என் கம்ப்யூட்டரில் அது 'டக்' என்று கேட்கும்படி வைத்தது நான்தான். வேலை நேரத்தில் தூங்காமல் இருக்க. பலிக்கவில்லை.

ஏழு மானிகளையும் பார்த்துக்கொண்டது என் அண்ணன்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் பைக்கில் கிளம்புவான். புனலில் கிடக்கும் இலையை எடுப்பான், பறவை எச்சத்தைத் துடைப்பான், பிறகு சோதனை. ஒரு சின்ன பாட்டில், மூடியில் ஊசித் துளை. அதைப் புனலில் கவிழ்த்து வைத்தால் அரை மணி நேரம் சொட்டும். சரியாக ஐம்பது டக். ஐம்பது வந்தால் மானி நலம். குறைந்தால் உள்ளே ஒரு திருகைத் திருப்புவான். கூடினாலும் அதே திருகுதான், எதிர்ப்பக்கமாக.

சிக்கல் என்னவென்றால், அவன் ஊற்றிய தண்ணீரும் எங்கள் கணக்கில் மழையாக ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு மானியை முடித்ததும் போன் செய்வான். ஹலோ கிடையாது.

"ஊத்திட்டேன்டா. அழிச்சிடு."

நான் அழித்துவிடுவேன். அவ்வளவுதான் எங்கள் பாசம். ஒரு தடவை கேட்டேன், "வீட்ல என்னைப் படிக்க வச்சது நீ ஊத்துறதை அழிக்கவா?"

"ஆமாடா. நான் செய்றதையெல்லாம் அழிக்க ஒரு பட்டதாரி வேணும்னு எழுதிக் கேட்டேன். உன்னைத்தான் அனுப்பினாங்க."

ஏழாவது மானி மலைக்குப் பின்னால் இருக்கிறது. ரேடாருக்கு அந்தப் பக்கம் குருடு. அலை மலையில் முட்டிக்கொள்ளும். மேகம் அங்கே தாழ்வாக வந்து உட்கார்ந்தால், ரேடார் அதன் தலைக்கு மேலே பார்த்துவிட்டுப் போய்விடும். அங்கே மழையா வெயிலா என்று சொல்ல ஏழாவது மானியை விட்டால் நாதியில்லை. அங்கிருந்து இறங்கி வரும் தண்ணீர் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தரைப்பாலத்துக்கு வந்துவிடும். அந்தப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால்தான் போனுக்கு சிக்னல்.

நான் சொல்லவந்த அந்தக் காலைக்கு மூன்று வாரங்களுக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, ஆறு தடவை போன் வந்தது. ஏழாவது வரவில்லை.

அன்று ரேடார் படத்தில் ஒன்றுமில்லை. ஏழாவது மானியிலும் ஒரு டக் கூட இல்லை. ஆனால் தரைப்பாலத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. எந்த மழையில் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள், மலையைத் தூரத்திலிருந்து பார்த்தார்கள், டீ குடித்தார்கள், 'எதிர்பாராத வெள்ளம்' என்று அதற்குப் பெயர் சூட்டிவிட்டுப் போனார்கள்.

பைக் கிடைத்தது. அண்ணன் கிடைக்கவில்லை.

அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "காணோம்னுதான் சொல்லணும். வேற வார்த்தை இந்த வீட்ல வேண்டாம்." பத்தாம் நாள் தேடுவதை நிறுத்தினார்கள். அண்ணி நிறுத்தவில்லை. தினமும் மூன்று மணிக்கு அவரும் அவருடைய அக்காவும் ஆளுக்கொரு இரும்புக் கம்பியோடு ஆற்றில் இறங்குவார்கள். பாலத்துக்குக் கீழே மணலைக் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். தண்ணீர் அப்போது கணுக்கால் அளவுகூட இல்லை.

எனக்கா? எனக்கு ஒன்றும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், அடுத்தவன் கன்னத்தைத் தொட்ட மாதிரி இருக்குமே. உடம்பு முழுக்க அப்படி இருந்தது. பசித்தது. சாப்பிட்டேன். லீவு தீர்ந்தது. வேலைக்குப் போனேன்.

திரும்பிப் போன வாரத்தின் வியாழக்கிழமை.

காலை எட்டு ஐந்து. ஜன்னலுக்கு வெளியே வாகன நிறுத்தத்தில் நல்ல வெயில். ரேடார் படம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

டக்.

ஒன்றாவது மானி.

கொஞ்ச நேரம் கழித்து, டக். அதே அளவு நேரம் கழித்து, டக். மழைக்குத் தாளம் கிடையாது. கொஞ்சம் கொட்டும், கொஞ்சம் யோசிக்கும், மறுபடி கொட்டும். பாட்டிலுக்கு மட்டும்தான் தாளம் உண்டு.

எட்டு முப்பத்தைந்துக்கு நின்றது. ஐம்பது. என் விரல் அதுபாட்டுக்குப் போய் ஐம்பதையும் அழித்தது. அழித்த பிறகு நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்குப் பார்க்கிறேன் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எங்கள் அதிகாரி எட்டிப் பார்த்தார். அவரை எல்லோரும் 'குடை' என்போம். இன்று மழையில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையில் குடையோடு வீட்டுக்குப் போகிற மனிதர்.

"என்னப்பா ஒண்ணாவதுல சத்தம்? படத்துல ஒண்ணுமில்லையே?"

"தெரியல சார்."

"எறும்பு புகுந்திருக்கும்."

"கரெக்டா அம்பது தடவையா சார்?"

"படிச்ச எறும்பு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பதே காலுக்கு இரண்டாவது மானி. ஐம்பது. அழித்தேன்.

அலுவலக வண்டிக் கொட்டகைக்கு போன் போட்டேன். "மானிப் பக்கம் இன்னிக்கு யாராவது போயிருக்காங்களா?"

"யாருப்பா போறது? ஆளும் இல்ல, பைக்கும் இல்ல." அப்புறம்தான் யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்திருக்கிறது. "மன்னிச்சுக்கப்பா."

"பரவாயில்ல."

உண்மையிலேயே பரவாயில்லை. ஊசி போட்ட கன்னம்.

இயந்திரம் பழுதானால் வரிசையாகப் பழுதாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அடுத்து மூன்றாவது வரும். வந்தால் ரேடியோ கோளாறு. புகார் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

பத்தே முக்காலுக்கு வந்தது.

மூன்றாவது இல்லை. நான்காவது.

எனக்கு முதுகுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சுவர்தான்.

ஏன் என்று சொல்கிறேன். மூன்றாவது மானிக்குப் போகும் வழியில் ஒரு நாய் உண்டு. மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும். அதுவரை அந்தச் சாலையில் யாரையும் விடாது. அதனால் அண்ணன் நான்காவதையும் ஐந்தாவதையும் முதலில் முடித்துவிட்டு, நாய் தூங்கிய பிறகு மூன்றாவதுக்குத் திரும்பி வருவான். இது எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணிக்குக்கூடத் தெரியாது. வீட்டில் அவன் வீரன்.

பன்னிரண்டுக்கு ஐந்தாவது. ஐம்பது. அழித்தேன்.

ஒன்றேகால்.

டக்.

மூன்றாவது.

நாய் தூங்கிவிட்டது போல...

செத்த பிறகுமா நாய்க்குப் பயம், என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் தெரிந்தது, மூன்று வாரத்தில் அந்த வார்த்தையை நான் நினைத்தது அதுதான் முதல் தடவை.

ஐம்பது. அழித்தேன். வேலை அது.

இரண்டரைக்கு ஆறாவது. ஐம்பது. அழித்தேன். போன் மேஜையில் மல்லாந்து கிடந்தது. அடிக்கவில்லை. அடித்திருந்தால் எடுத்திருப்பேனா என்று கேட்காதீர்கள்.

ஆறாவதிலிருந்து ஏழாவதுக்குப் பாலத்தைத் தாண்டி மலையைச் சுற்ற வேண்டும். நல்ல பைக்கில் அரை மணி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி ஆனது. அண்ணியும் அக்காவும் இந்நேரம் மணலில் இறங்கியிருப்பார்கள்.

மூன்று முப்பது.

டக்.

ஏழாவது.

ஒரே தாளம். டக்... டக்... டக்... குடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது.

நாற்பத்தெட்டு.

நாற்பத்தொன்பது.

ஐம்பது.

நின்றது.

ஐம்பதையும் தேர்ந்தெடுத்தேன். 'அழிக்கவா?' என்று திரை கேட்டது. ஆம் என்பதன் மேல் விரலை வைத்தேன்.

டக்.

ஐம்பத்தொன்று.

குடை கேட்டார். "அம்பதுதானே வரும்?"

"ஆமா சார்."

டக். டக்.

அண்ணன் இரண்டாவது பாட்டில் ஊற்றியதே கிடையாது. அவனிடம் இரண்டாவது பாட்டிலே கிடையாது.

டக். டக் டக். ... டக்டக்டக்.

தாளம் போய்விட்டது. கொட்டியது. யோசித்தது. மறுபடி கொட்டியது.

"சைரன் போடுங்க சார். பாலத்துல."

குடை ரேடார் படத்தைப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையேப்பா. வெறும் மானியை நம்பி எப்படி? டெஸ்ட்டா இருக்கும். அழிச்சிடு."

"யாரு சார் டெஸ்ட் பண்றது?"

 அவர் மறுபடி படத்தைப் பார்த்தார்.

நான் அண்ணிக்கு போன் போட்டேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தார்.

"சொல்லுங்க தம்பி."

"எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? மணல்ல."

"கரைக்கு ஏறுங்க. இப்பவே. அக்காவையும் கூட்டிட்டு."

"ஏன்?"

"ஏழாவதுல டக் வருது."

மறுமுனையில் கம்பி குத்துகிற சத்தம் நின்றது.

"ஏழாவதுலயா?" குரல் மெலிந்துவிட்டது. "யாரு ஊத்துறா?"

சொல்லியிருக்கக் கூடாது. அண்ணனோடு குடித்தனம் நடத்தியவர் அவர். வியாழக்கிழமை என்றால் என்ன, ஐம்பது என்றால் என்ன, எல்லாம் அவருக்குத் தெரியும்.

"தம்பி. மத்ததுலயும் வந்துச்சா?"

நான் திரையில் ஓடும் எண்ணைப் பார்த்தேன்.

"வந்துச்சா?"

"மத்த ஆறுலயும் வந்துச்சு."

"அவர்தான்." மூன்று வாரமாக அந்தக் குரலில் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருந்தது. "இன்னிக்கு வியாழக்கிழமை. ரவுண்டு போறார். நான் மேல போறேன். பாலத்தைத் தாண்டினா..."

"பாலத்துப் பக்கம் போகாதீங்க அண்ணி!"

"அவர் அங்க தனியா இருக்கார்ல?"

மணலில் நடக்கும் சத்தம். சரக். சரக். சரக்.

டக்டக்டக்டக்.

"அம்பதோட நிக்கல அண்ணி."

சரக். சரக்.

"தொண்ணூறு தாண்டிடுச்சு. அண்ணன் அம்பதுக்கு மேல ஊத்துவானா? பாட்டில்ல தண்ணி ஏது? அம்பது வரைக்கும் யாருன்னு எனக்குத் தெரியாது. அதுக்கு மேல வர்றது அவன் இல்ல. மழை. வெறும் மழை."

சரக்...

நின்றது.

போனை ஸ்பீக்கரிடம் பிடித்தேன்.

டக்டக்... டக்... டக்டக்டக்டக்...

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். குடை சுவரோரம் போய் நின்றார். அங்கே சைரன் பட்டன்.

"அவர் இல்ல," என்றார் அண்ணி.

"இல்ல அண்ணி."

"சரி." அப்புறம் தள்ளி யாரிடமோ. "அக்கா. ஏறு."

குடை பட்டனை அழுத்தினார். யாரும் அவரை அழுத்தச் சொல்லவில்லை. போனுக்குள் சைரன் கேட்டது.

நாலு இருபத்திரண்டுக்குத் தண்ணீர் வந்தது. ஆள் உயரம். இரண்டு இரும்புக் கம்பிகளையும் கொண்டுபோனது. வேறெதையும் கொண்டுபோகவில்லை.

ஏழாவது மானி இருநூற்று அறுபத்திரண்டில் ஓய்ந்தது.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்தபோது அண்ணன் கிடைத்தான். பாலத்துக்குக் கீழே, வெள்ளம் அரித்த மணலுக்கு அடியில். அவர்கள் கடைசியாகக் குத்திப் பார்த்த இடத்துக்கு இரண்டு எட்டு தள்ளி. தோள்பை உடம்போடு மாட்டியபடியே இருந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்துப் பையைத் திறந்தார்கள். குடையும் வந்திருந்தார், குடையோடு. அலுவலகப் பொருள் அவரிடம், சொந்தப் பொருள் அண்ணியிடம். பாட்டில் யாருடையது என்று தெரியாமல் காவலர் அதைக் கையிலேயே வைத்திருந்தார். அண்ணி வாங்கிக்கொண்டார்.

அதில் ஊசித் துளை மூடிக்கு மேலே இன்னொரு மூடி உண்டு, போகிற வழியில் சிந்தாமல் இருக்க. அது இறுக்கமாக மூடியிருந்தது. ஏழாவதுக்காக நிரப்பிக் கொண்டுபோனது. அங்கே ஒரு டக் கூட வராததால் நிறைந்தே இருக்க வேண்டும். அண்ணி திறந்து கவிழ்த்தார்.

ஒரு சொட்டுக்கூட இல்லை.

 அண்ணி மூடியைப் போட்டார்.

"ஊத்திட்டார் தம்பி," என்றார். "அழிச்சிடு."

'காணோம்' என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை.

நான் அங்கிருந்து நேராக அலுவலகம் போனேன். அந்த ஐம்பது அப்படியே இருந்தது. 'அழிக்கவா?' என்று திரை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அழித்தேன். மிச்சம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஆற்றில் வந்த தண்ணீரை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். மலைக்குப் பின்னால் எவ்வளவு பெய்திருந்தால் அவ்வளவு வரும்? இருநூற்றுப் பன்னிரண்டு டக். ரேடாரோடு சேர்த்து நான் போட்ட கணக்குகளில் இவ்வளவு சரியாக வந்தது இது ஒன்றுதான்.

சாயங்காலம் குடை உள்ளே வந்து கதவைச் சாத்தினார். 

"பையில இதுவும் இருந்துச்சு."

துணியில் சுற்றிய ஒன்றை என் மேஜையில் வைத்துப் பிரித்தார்.

இரண்டு குட்டிக் கிண்ணங்கள், சீசா பலகை மாதிரி. நடு அச்சு உடைந்திருந்தது. அடியில் எண் பொறித்திருந்தது.

ஏழு.

ஆக, அன்று அண்ணன் மேலே போய்ப் பார்த்திருக்கிறான். அச்சு உடைந்திருக்கிறது. பழுது பார்க்கக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறான். அவன் பின்னாலேயே மழை பிடித்திருக்கிறது. அதை எண்ண வேண்டிய கிண்ணம் அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு ஒரு டக் கூட வராததற்கு அதுதான் காரணம். விசாரணைக்கு வந்த மூன்று பேருக்கும் தெரியாதது அதுதான்.

"ஆள் அனுப்பிப் பார்த்துட்டேன்," என்றார் குடை. "மேல புனல் மட்டும்தான் இருக்கு. உள்ள காலி. ஒயர் முனையில டேப் சுத்தியிருக்கு. மூணு சுத்து, நுனியை மடிச்சு."

அண்ணன் அப்படித்தான் சுற்றுவான்.

"அந்த அம்பதை விடு," என்றார். "அதை நான் கேட்கல. அதுக்கப்புறம் வந்தது?"

"மழை சார்."

"மழைதான். தெரியுது." கிண்ணத்தை விரலால் தொட்டார். அது கவிழவில்லை. "எதுல விழுந்துச்சு?"